ஜோதி மேடம் சொல்லாமல் விட்டது

ஞானஜோதி மேடத்திடம் நாளையைப் பற்றி எதைக் கேட்டாலும் பதிலுக்குப் பின்னால் ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும்.

"நாளைக்கு இன்டர்னல் மார்க் கொடுத்துடுவீங்களா மேடம்?"

"கொடுத்துடறேன் சார், கர்த்தருக்குச் சித்தமானால்."

"மூணு மணி மீட்டிங்குக்கு வர்றீங்களா?"

"வர்றேன் சார், கர்த்தருக்குச் சித்தமானால்."

மீட்டிங் பக்கத்து அறையில்தான் நடக்கும். நடுவில் குறுக்கே நிற்பது ஒரு தண்ணீர் கேன் மட்டும்தான். அதைத் தாண்டுவதற்கும் அவர் கர்த்தரைக் கேட்டுக்கொள்வார்.

நான் ஸ்ரீவத்சன். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கலைக் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம், எனக்கு இன்னும் அங்கேதான் சம்பளம். வரலாறும் புவியியலும் இப்போது பிள்ளைகள் தேடி வந்து சேரும் பாடங்கள் இல்லை. அதனால் இரண்டு துறைக்கும் சேர்த்து ஒரே ஆசிரியர் அறை. என் மேஜைக்கு எதிர் மேஜை ஜோதி மேடத்தினுடையது. பெருமாளோடு எனக்கு இருக்கும் போக்குவரத்து வைகுண்ட ஏகாதசிக்கு வைகுண்ட ஏகாதசிதான். அப்படிப்பட்டவனை வருடக்கணக்காக எதிரில் உட்காரவைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை கர்த்தர், சித்தம் என்றால் வாய் சும்மா இருக்குமா? "நாளைக்குச் சூரியன் கிழக்கேதானே மேடம் உதிக்கும்?" என்று கேட்பேன். "உதிக்கும் சார், கர்த்தருக்குச் சித்தமானால்" என்று சிரிக்காமல் சொல்வார். சில நாள் அவர் வாயைத் திறக்கும் முன்பே வாலை நான் சொல்லி முடித்துவிடுவேன். அதற்கும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒருநாள் எரிச்சல் தாங்காமல் கேட்டே விட்டேன். "'கண்டிப்பா'ன்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன் மேடம், காதால கேட்டுக்கறேன்."

திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளைக் கீழே வைத்தார். "கண்டிப்பான்னு சொன்னா பொய் சார். நாளைக்கு என்கிட்டயா இருக்கு? யார்கிட்ட இருக்கோ அவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். இதுல எனக்கு என்ன குறைஞ்சுடும்?"

இது அவர் வீட்டுப் பழக்கம். பல்லாவரத்தில் பிறந்தவர். அப்பா அங்கே சபையில் உபதேசியாராக இருந்தார். 'நாளைக்கு வர்றேன்' என்று யாராவது மொட்டையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினால், மீதியையும் சொல்லும்வரை அவர் கையை விட மாட்டாராம். தெருவில் தோல் கிடங்கு வாடை, தலைக்கு மேலே விமானச் சத்தம். தாழ்ந்து இறங்கும் விமானத்தின் அடிவயிறு மொட்டை மாடியிலிருந்து தெளிவாகத் தெரியும். அது எந்த ஊரிலிருந்து வருகிறது என்று யாரைக் கேட்டாலும் பதில் கிடைக்காது. "அதைத் தெரிஞ்சுக்கத்தான் சார் ஜியாகரபி எடுத்தேன்" என்பார்.

ஆனால் அவர் எந்த விமானத்திலும் ஏறியதில்லை. உலகத்து நதிகளையெல்லாம் வரைபடத்தைப் பார்க்காமல் கரும்பலகையில் போடுவார். நேரில் பார்த்தது காவிரியும் பாலாறும், அதிலும் பாலாற்றில் மணலைத்தான் பார்த்தார். கணவர் சுந்தர்சிங் ரயில்வேயில் எலக்ட்ரீஷியன். இருவரும் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார்கள், சபையிலிருந்து எருசலேமுக்குக் கூட்டிப் போகும்போது சேர்ந்து போகலாம் என்று. ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒன்று வந்து தள்ளிப்போயிற்று. பிறகு சுந்தர்சிங்குக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பார்க்கப் போனபோது மேடம் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, "நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம், கர்த்தருக்குச் சித்தமானால்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் வீட்டுக்குப் போனது உடல்தான்.

விடுப்பு முடிந்து அவர் வந்த அன்று, என்ன பேசுவதென்று தெரியாமல், "நாளையிலேர்ந்து கிளாஸ் எடுக்கறீங்களா மேடம், இல்லை நான் பார்த்துக்கட்டுமா?" என்றேன்.

"எடுக்கறேன் சார், கர்த்தருக்குச் சித்தமானால்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. அன்றைக்கு வாலை முன்னால் சொல்லிக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. அதற்கப்புறம் கொஞ்ச காலத்துக்கு வரவே இல்லை.

இந்த நேரத்தில்தான் எங்கள் முதல்வர் சத்தியநாதன் ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டுப் புது ஆளாகத் திரும்பி வந்தார். பாடத்திட்டத்தைச் சர்வதேசமயமாக்க வேண்டுமாம். மாணவர்களை உலகக் குடிமக்களாக ஆக்க வேண்டுமாம். வாசலில் பெரிய பேனர் ஏறியது. வணிகவியல் துறை கேன்டீனில் 'உலக உணவு நாள்' கொண்டாடியது. சாம்பார் சாதத்தில் இத்தாலிக் கொடியைக் குத்தி வைத்திருந்தார்கள். கணினித் துறை ஈஃபில் கோபுரத்தைத் தட்டியாக நிறுத்தி, பிள்ளைகளை அதன் முன்னால் படம் எடுத்தது. என்னைக் கேட்டார்கள். உலகப் போர் இரண்டையும் நான் ஏற்கெனவே நடத்திக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன்.

இதை மனதார எடுத்துக்கொண்டவர் ஜோதி மேடம் ஒருவர்தான். உட்கார்ந்து ஒரு பாடத்தையே புதிதாக எழுதினார். குளிர்நாட்டில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் இருக்கும் ஒரு கல்லூரியை எப்படியோ பிடித்து, அங்கே ஒரு வகுப்பும் இங்கே ஒரு வகுப்பும் சேர்ந்து படிப்பதாக ஏற்பாடு செய்தார். அந்த நாட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை.

பாடம் எளிமையானது. இங்கே இருப்பவர்கள் செம்பாக்கம் ஏரிக்குப் போக வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது, யார் வீட்டுக் கழிவு அதில் விழுகிறது என்று சுற்றி இருப்பவர்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் அங்கே தங்கள் ஏரியில் அதையே செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை திரையில் இரண்டு வகுப்பும் பார்த்துப் பேசிக்கொள்ள வேண்டும். உச்சரிப்பைச் சரிசெய்ய ஒரு பயிற்சியாளரை அமர்த்தலாம் என்றார் முதல்வர். மேடம் ஒப்புக்கொள்ளவில்லை.

"நம்ம பசங்க நம்ம மாதிரியே பேசட்டும் சார். வேற ஆளா மாறித்தான் உலகத்துக்குள்ள போகணும்னா, அங்க போறது யாரு?"

அதைத்தான் முதல் வகுப்பில் பிள்ளைகளிடமும் சொன்னார். வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ, எப்படி வணக்கம் வைப்பீர்களோ, அப்படியே இருங்கள். அவர்களும் அப்படியே இருக்கட்டும். இரண்டு பேரும் மாறாமல் பேசிக்கொள்ள முடிகிறதா என்று பார்ப்போம். இதுதான் பாடம் என்றார்.

அந்த வகுப்பில் தீபலட்சுமி இருந்தாள். இரண்டாம் ஆண்டு புவியியல், துணைப்பாடமாக என்னிடம் வரலாறு. வீடு செம்பாக்கம் ஏரியை ஒட்டிய தெருவில். அம்மா கிளியம்மாள் ஏற்றுமதி ஆடைக் கம்பெனி ஒன்றில் தையல் வேலைக்குப் போகிறாள். அப்பா இல்லை. முதல் வருடம் முழுக்க அந்தப் பெண் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாள். முதல்நாள் திரையில் அந்தப் பக்கத்திலிருந்து லீனா என்ற பெண், 'உங்கள் ஏரி எப்படி இருக்கும்?' என்று கேட்டாள். தீபா எழுந்து, தனக்கு வந்த இங்கிலீஷில், "எங்கள் ஏரியில் தண்ணீர் தெரியாது. ஆகாயத்தாமரைதான் தெரியும். வாடை வரும். ஆனாலும் காலையில் கொக்கு வரும்" என்றாள். பின்வரிசையில் என்னோடு உட்கார்ந்திருந்த முதல்வர் முகத்தைச் சுளித்தார். ஜோதி மேடத்துக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

லீனா தன் ஏரியைப் பற்றிச் சொன்னாள். குளிர்காலத்தில் உறைந்துவிடும், நாங்கள் அதன்மேல் நடந்து அக்கரைக்குப் போவோம் என்றாள்.

"ஏரி மேலயா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டாள் தீபா. திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

அன்றைக்குப் பிடித்தது அந்த ஆசை. அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் இங்கிருந்து ஆறு பேர் அங்கே போவதாகவும், அங்கிருந்து ஆறு பேர் இங்கே வருவதாகவும் ஏற்பாடு. ஆறு பேரில் முதல் பெயர் தீபாவுடையது. அதை யாரும் கேள்வி கேட்கவில்லை, நான் உட்பட.

ஜோதி மேடத்தின் வாலும் அந்த வகுப்பில் பரவியது. வாரா வாரம் முடிக்கும்போது, "அடுத்த வாரம் பார்க்கலாம், இஃப் த லார்ட் வில்ஸ்" என்பார். நாலைந்து வாரத்தில் பிள்ளைகளும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். அப்புறம் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் கையை ஆட்டிக்கொண்டே சொன்னார்கள். அவர்களில் பலருக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாதாம். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இதை நான் இங்கே அழுத்திச் சொல்லிவைக்கிறேன்.

எல்லோரும் விளையாட்டாகச் சொன்னார்கள் என்றால் தீபா நிஜமாகச் சொன்னாள். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பெண். நெற்றியில் குங்குமத்தோடு வந்து, "அசைன்மென்ட் நாளைக்கு வெச்சிடறேன் சார், கர்த்தருக்குச் சித்தமானால்" என்பாள்.

"உனக்கு எதுக்கும்மா கர்த்தர்?" என்று கேட்டேன்.

"யாரா இருந்தா என்ன சார், கேட்டுக்கிட்டுச் செய்யறது மரியாதைதானே? மேடம் சொல்றப்ப நல்லா இருக்கு சார்."

ஆகஸ்டில் அவர்கள் வந்தார்கள். பிள்ளைகள் வீடுகளில்தான் தங்கவைத்தோம், அதுவும் மேடத்தின் யோசனை. லீனா தீபா வீட்டில். ஒரே அறை, பின்னால் தகரம் போட்ட சமையல்கட்டு. கிளியம்மாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அந்தப் பெண்ணுக்குக் காரம் போடாமல் சமைத்தாள். லீனாவுக்குக் கட்டில், தாயும் மகளும் தரையில். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வளையல் வாங்கித் தந்தாள். அங்கேயே யாரோ போட்டுக் கழித்த வெளிநாட்டு ஸ்வெட்டர் ஒன்று, அரக்கு நிறத்தில் கிடைத்தது. மகளுக்கு ஆகுமென்று பேரம் பேசி வாங்கி, கையைப் பிரித்து அளவெடுத்துத் தைத்தாள். லீனா கிளம்பும் அன்று கிளியம்மாள் அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. "ஏரி உறையட்டும், நீ வா" என்று தீபாவிடம் சொல்லிவிட்டுப் போனாள் லீனா.

விசாவுக்கு நவம்பரில் நேர்முகம். மேடத்துக்கு வயதையும் வேலையையும் பார்த்து நேர்முகம் இல்லாமலே முத்திரை வந்துவிட்டது. பிள்ளைகள் ஆறு பேரையும்தான் கூப்பிட்டிருந்தார்கள். துணைக்கு மேடத்தோடு நானும் போனேன். தாம்பரத்தில் ரயில் ஏறும்போது எல்லோரும் புதுச்சட்டை. தீபா தலை நிறையப் பூ வைத்திருந்தாள். தூதரகத்துக்கு உள்ளே விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. நாங்கள் இருவரும் எதிர்ப்பக்க நடைபாதையில் ஒரு வாகை மரத்தடியில் நின்றோம்.

ஆறு பேரில் முதலில் மெர்வின் வந்தான், சிரித்துக்கொண்டே. பின்னால் ஒவ்வொருவராக நாலு பேர், எல்லோருக்கும் ஆயிற்று. தீபா கடைசியாக வந்தாள். கையில் பாஸ்போர்ட் அப்படியே இருந்தது. அதற்குள் ஒரு துண்டுத்தாள்.

"என்னம்மா?" என்றார் மேடம்.

"இல்லைன்னுட்டாங்க மேடம்."

துண்டுத்தாளை நான் வாங்கிப் படித்தேன். நாடு திரும்பும் எண்ணம் இருப்பதாக நம்ப இடமில்லை என்று அச்சடித்திருந்தது.

"என்ன கேட்டாங்க? ஒண்ணு விடாம சொல்லு."

"அப்பா என்ன பண்றார்னு கேட்டாங்க. இல்லைன்னேன். வீடு சொந்தமான்னு கேட்டாங்க. வாடகைன்னேன். படிப்பைப் பத்திக் கேட்டப்ப ஏரியைப் பத்தி நல்லா சொன்னேன் மேடம், அவர்கூடச் சிரிச்சார். அப்புறம், ப்ரோக்ராம் முடிஞ்சதும் இந்தியாவுக்குத் திரும்பி வந்துடுவியான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"வந்துடுவேன், இஃப் த லார்ட் வில்ஸ்னு சொன்னேன் மேடம்." மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். "நாம எப்பவும் சொல்ற மாதிரிதான் மேடம் சொன்னேன். அவர் திரும்பவும் கேட்டார், யெஸ்ஸா நோவான்னு. யெஸ், இஃப் த லார்ட் வில்ஸ்னேன். அவர் எழுதிட்டார்."

பக்கத்தில் நின்ற மெர்வின் தலையில் கை வைத்துக்கொண்டான். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற வீட்டுப் பையன் அவன். "அய்யோ தீபா, அங்க போயா அதைச் சொல்லுவாங்க? நான் டெஃபனட்லின்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றான்.

ஜோதி மேடம் சாலையைக் கடந்து வாசலுக்குப் போனார். எந்தப் பக்கம் வண்டி வருகிறதென்று பார்க்கவே இல்லை, நான் பின்னாலேயே ஓடினேன். காவலாளியிடம், "நான் அவ டீச்சர். ஒரு நிமிஷம் உள்ள போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். அது எங்க பழக்கம், அவ திரும்பி வருவா, அதுக்கு அர்த்தம் வேற ஒண்ணுமில்லைன்னு சொல்லணும்" என்றார். காவலாளி மரியாதையானவன்தான். "மேடம், ஓரமா நில்லுங்க மேடம். வர்றவங்களுக்கு வழி விடுங்க" என்றான். மேடம் ஓரமாக நின்றார். எத்தனை பேருக்கு நதிகளையும் கடல்களையும் சொல்லிக்கொடுத்தவர், கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு அந்தச் சுவரோரம் வருகிறவர்களுக்கு வழிவிட்டு நின்றார்.

திரும்பும் ரயிலில் தீபாதான் சமாதானம் சொன்னாள். "பரவால்ல மேடம், அடுத்த வருஷமும் ஏரி உறையும்." மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சைதாப்பேட்டை தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "நான் சொல்லிக்கொடுத்தது சார்" என்றார், மெதுவாக.

முதல்வர் தூதரகத்துக்குக் கடிதம் அனுப்பினார். அந்தக் கல்லூரியிலிருந்தும் அனுப்பினார்கள். லீனாவும் அவள் வகுப்பும் கையெழுத்துப் போட்டு ஒன்று அனுப்பினார்கள். எதற்கும் அசையவில்லை. அந்த வாரத்திலேயே கிளியம்மாள் கல்லூரிக்கு வந்தாள். கம்பெனிக்குப் போகிற வழியில் வந்தவள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. எங்கள் அறை வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"இன்னா மேடம், எம்பொண்ணு போவ முடியாதாமே?"

மேடம் எழுந்து நின்றார்.

"அந்தப் பொண்ணு எங்க வூட்ல வந்து துன்னுச்சு, தூங்குச்சு. திரும்பிப் போவியான்னு நாங்க ஒரு வார்த்த கேட்டோமா மேடம்? இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போன்னுதானே சொன்னோம்?"

"தப்பு என்மேலதாம்மா" என்றார் மேடம்.

"உங்க மேல இன்னா தப்பு? எம்பொண்ணு உங்களாண்டதான் பேசவே கத்துக்கினா." பைக்குள் கையைவிட்டு அரக்கு ஸ்வெட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இது வூட்ல கெடந்தா அத்தப் பாத்துப் பாத்து அழுவுது மேடம். நீங்களாச்சும் போட்டுக்கினு போங்க. அங்க குளுராமே."

தான் போகவில்லை என்று மேடம் முதல்வரிடம் சொன்னார். பொறுப்பாசிரியராகப் போக வேறு யாருக்கும் விசா இல்லை, நீங்கள் போகாவிட்டால் மற்ற ஐந்து பேரும் போக முடியாது என்றார் முதல்வர். அந்த ஐந்து பேரும் வந்து வாசலில் நின்றார்கள், தீபாவும் அவர்களோடு வந்து நின்றாள். ஜனவரியில் மேடம் போனார். தலைக்கு மேலே பறப்பதை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர், முதல்முறையாக ஒரு விமானத்துக்குள் உட்கார்ந்தார். வழியனுப்பப் போன எங்களைத் திரும்பிப் பார்த்துக் கை காட்டக்கூட மறந்துவிட்டார்.

திரும்பி வந்த அன்று அறையில் அவருக்காகக் காத்திருந்தேன். கேட்பதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன்.

"எப்படி இருந்துது மேடம்?"

"குளிரா இருந்துது சார்."

"ஏரி மேல நடந்தீங்களா?"

"பசங்க நடந்தாங்க. நான் கரையிலேயே நின்னேன்."

மெர்வின் பிறகு படங்களைக் காட்டினான். வெள்ளைவெளேரென்று ஏரி, அதன்மேல் ஐந்து பேரும் லீனாவும் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓரத்தில் கொஞ்சம் தள்ளி, இறுக்கமான அரக்கு ஸ்வெட்டரில் ஜோதி மேடம். வாங்க மேடம், பனி கெட்டியாத்தான் இருக்கு என்று எல்லோரும் கூப்பிட்டார்களாம். காலைத் தூக்கி வைக்கவே இல்லையாம். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டு, கடைசி ஓர் அடியை அவர் அந்தப் பெண்ணுக்காக விட்டுவிட்டு வந்தார். அவர் கரையில் நின்றதால் தீபாவுக்கு என்ன கிடைத்துவிட்டது என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

அன்று கிளம்பும்போது, "நாளைக்கு ஃபர்ஸ்ட் அவர் உங்களுக்கு மேடம், எடுத்துடுவீங்கதானே?" என்றேன்.

"எடுத்துடறேன் சார்."

நான் காத்திருந்தேன். அவர் கைப்பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்தும் விடாததை, அவர் அன்றைக்கு விட்டிருந்தார்.

ஜூனில் பாடத்திட்டக் கூட்டம். நடந்ததிலிருந்து கல்லூரி பாடம் கற்றுக்கொண்டதாக முதல்வர் பெருமையோடு சொன்னார். 'உலகக் குடிமை' என்ற மேடத்தின் பாடத்தில் புதிதாக ஓர் அலகு சேர்த்தார்கள்: நேர்முகத்துக்குத் தயாராதல். ஏரிக்கு இருந்த வகுப்புகளில் பாதியை எடுத்து அதற்குக் கொடுத்தார்கள். நான் சண்டை போடத் தயாராக மேடத்தைப் பார்த்தேன். "அந்த யூனிட்டை நானே எடுக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

ஆய்வகத்தில் ஒரு மேஜைமேல், விசா கவுன்டர் மாதிரி, கண்ணாடித் தடுப்பு ஒன்றை நிறுத்தினார்கள். அதற்குப் பின்னால் ஜோதி மேடம் உட்காருவார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து நிற்க வேண்டும். ஒருநாள் வராந்தாவில் போகும்போது நின்று பார்த்தேன். மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்ட தீபா கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தாள். அவளுக்கான இடத்தை அந்தக் கல்லூரி இன்னும் வைத்திருந்தது. மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தார்கள்.

"படிப்பு முடிஞ்சதும் இந்தியாவுக்குத் திரும்பி வருவியா?" என்றார் மேடம், இங்கிலீஷில்.

தீபா கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லும்மா. டெஃபனட்லி."

"நாளைக்கு நம்மகிட்ட இல்லைன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"அது வீட்டோட. இங்க டெஃபனட்லி. கண்ணை நேரா பார்த்துச் சொல்லணும், சிரிக்கக் கூடாது. சொல்லு."

"டெஃபனட்லி" என்றாள் தீபா, கீழே பார்த்துக்கொண்டு.

"என்னைப் பார்த்துச் சொல்லு."

தலையைத் தூக்கிச் சொன்னாள். "இன்னொரு தடவை" என்றார் மேடம். சொன்னாள். இன்னொரு தடவை சொன்னாள். நன்றாகவே வந்தது, யாரும் சந்தேகப்பட முடியாது. வகுப்பு கை தட்டியது. அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து பெஞ்சில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். மேடம் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

தீபா விண்ணப்பிக்கவில்லை. கடைசி நாள் கடந்ததும் மேடம் அவளை அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டார். நான் என் மேஜையில் இருந்தேன்.

"எனக்கு வேணாம் மேடம்."

"ஏம்மா? இந்தத் தடவை கிடைச்சுடும். நல்லா சொல்றியே நீ."

"அதைச் சொல்றப்ப உங்க முகத்தைப் பார்க்க முடியல மேடம்" என்றாள். "நீங்க என்னை அப்படிக் கேட்கறதும் பிடிக்கல. ஏரியை லீனா வீடியோவில காட்டுவா. போதும்."

அவள் போனாள். மேடம் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். மேஜைமேல் இருந்த சாக்பீஸ் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டு மூடினார்.

சாயங்காலம் இருவரும் சேர்ந்துதான் வெளியே வந்தோம். அவருக்குச் செம்பாக்கம் பக்கம் ஷேர் ஆட்டோ, நான் ரயிலைப் பிடித்துக் குரோம்பேட்டையில் இறங்கி அஸ்தினாபுரம் போக வேண்டும். ஆட்டோ வந்து நின்றது. அவர் ஏறி ஓரமாக உட்கார்ந்தார். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சுந்தர்சிங் போனதிலிருந்து நான் தொடாமல் வைத்திருந்த பழைய கேலிதான் வாயில் வந்தது. இந்த முறை அது கேலி இல்லை.

"நாளைக்குப் பார்க்கலாம் மேடம், கர்த்தருக்குச் சித்தமானால்."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணை நேராகப் பார்த்தார், சிரிக்கவில்லை.

"அதெல்லாம் வேணாம் சார். கண்டிப்பான்னு சொல்லுங்க. கேக்கறவங்களுக்கு அதான் புரியும்."

ஒரே ஒரு தடவை அவர் வாயால் கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட வார்த்தை. கேட்டுவிட்டேன். ஆட்டோ கிளம்பியது. ரயில் நிலையம்வரை நடந்தபோது, எனக்குச் சம்பந்தமே இல்லாத அந்தக் கர்த்தரிடம், இவரை இப்படி விட்டுவிடாதேயும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.